ஊசிக்குழலில் இரண்டாவது மருந்து

நமது நாட்டு ஆஸ்பத்திரிகளில், சர்க்காருடையதாயினும் தனியாருடையதாயினும், ஸிஸேரியன் பிரசவம், குடலிறக்கம், கால் எலும்பு முறிவு முதலியவற்றுக்கான ரண சிகிச்சைகளில் மிகப் பல, முதுகுத் தண்டில் ஓர் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போகச் செய்த பிறகே நடைபெறுகின்றன. நோயாளி விழித்திருக்கிறான், டாக்டர்கள் பேசுவது அவன் காதில் விழுகிறது, கத்தி படுவது மட்டும் தெரிவதில்லை. அந்த ஊசிக்குழலில் இருப்பது ஒரே மருந்து என்றுதான் ஜனங்கள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். பல இடங்களில் அது ஒன்றன்று. மரத்துப் போகச் செய்யும் மருந்தோடு, தூக்கம் தரும் வகையைச் சேர்ந்த மற்றொரு மருந்தையும் துளியளவு கலந்து செலுத்தும் வழக்கம் சென்ற இருபது வருஷங்களாகப் பரவி வந்திருக்கிறது. அவ்வாறு கலப்பதால் மரப்பு நெடுநேரம் நிற்கிறது. பின்னால் வரும் நோவும் குறைகிறது. இது வைத்தியர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக் கொள்ள வேண்டிய விஷயம் என்று நாம் விட்டிருப்போம். ஆனால் இதில் பிரஜையின் உடம்பும் அவனுடைய சம்மதமும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. சட்டம் பேச வேண்டிய இடத்தில் பேசாமலிருப்பதும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஆகையால் பொதுஜனங்களின் முன் இதை வைப்பது நமது கடமையாகிறது.

முதலில் இவ்வழக்கத்தின் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். முதுகுத் தண்டு ஊசிக்கு இப்போது பெரும்பாலும் உபயோகிக்கப்படுவது புபிவக்கெயின் என்னும் மருந்து. அதன் வேலை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. காலையில் வயிறு கீறப்பட்ட தாய்க்கு மத்தியானத்தில் நோவு தொடங்குகிறது. இரவு வார்டில் அவள் அனுபவிப்பது என்னவென்று அங்கே துணைக்குப் படுத்திருந்தவர்களுக்குத் தெரியும். குழந்தையைத் தூக்கவும் முடியாமல், திரும்பிப் படுக்கவும் முடியாமல், நர்ஸம்மாள் எப்பொழுது வருவார் என்று வாசலையே பார்த்துக் கிடப்பவள், பணக்காரர் வீட்டுப் பெண்ணல்லள். பணமுள்ளவர்களுக்கு முதுகில் மெல்லிய குழாயை வைத்து மணிக்கணக்காக மருந்து செலுத்தும் வசதி நகரங்களில் உண்டு. ஏழைக்கு ஒரே ஊசிதான். அந்த ஒரே ஊசியின் பலனைச் சில மணி நேரம் நீட்டித் தருவதாக ஒரு மருந்து கிடைக்குமானால், அதை வேண்டாமென்று சொல்வது யாருக்கும் தகாது.

இரண்டாவது மருந்தைக் கலக்கும் யோசனையும் புதியதன்று. வியன்னாவில் கார்ல் கோலர் 1884-ல் கொக்கெயினைக் கண்ணில் விட்டு மரப்புண்டாக்கலாம் என்று கண்டார். ஜெர்மனியில் கீல் நகரத்து ஆகஸ்ட் பீர் 1898-ல் அதை முதுகுத் தண்டில் செலுத்தி ரண சிகிச்சை செய்தார்; தம் உடம்பிலேயே அதைப் பரீட்சித்துப் பார்க்க முயன்று, பல நாள் தலைவலியில் படுத்தார் என்பதும் சரித்திரம். மூன்று வருஷங்களுக்குள்ளாகவே, 1901-ல், ருமேனிய தேசத்து டாக்டர் ரகோவிசானு பிடெஷ்டி, கொக்கெயினோடு அபினி வகை மருந்தையும் சேர்த்துத் தண்டில் செலுத்தியதைப் பாரிஸ் நகரத்தில் எடுத்துரைத்தார். 1903-ல் ஹைன்ரிக் பிரௌன் என்ற ஜெர்மானியர் மரப்பு மருந்தோடு அட்ரினலினைச் சேர்த்து, இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் மருந்து அவ்விடத்திலேயே தங்கும்படி செய்தார். 1979-ல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையார் புற்றுநோயாளிகளின் தண்டில் மார்பினைச் செலுத்தி நோவைத் தணித்தபோது, பழைய ருமேனிய யோசனைக்கு மறுபிறவி உண்டாயிற்று.

இப்போது பெரிதும் பேசப்படும் மருந்துகள் க்ளோனிடின், டெக்ஸ்மெடெடோமிடின் என்பவை. இவற்றின் பிறப்பு வேடிக்கையானது. 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்துக் கம்பெனி ஒன்றில், மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தாகவே க்ளோனிடின் தயாரிக்கப்பட்டது. ஜலதோஷம் பிடித்திருந்த ஒரு காரியதரிசியம்மாளுக்கு அங்கிருந்த டாக்டர் அதைக் கொடுக்க, அவர் ஒரு நாள் முழுதும் தூங்கிப் போனதோடு இரத்த அழுத்தமும் தாழ்ந்து கிடந்ததாம். மூக்கு மருந்து அன்றோடு இரத்தக் கொதிப்புக்கு மருந்தாயிற்று. அதன் இனத்தைச் சேர்ந்த மெடெடோமிடின், பின்லாந்து தேசத்தில் நாய் முதலிய பிராணிகளைத் தூங்க வைப்பதற்காக முதலில் விற்கப்பட்டது. அதிலிருந்து பிரித்தெடுத்த பாகமே டெக்ஸ்மெடெடோமிடின். 1999 டிசம்பரில் அமெரிக்க மருந்து அதிகாரிகள் அதற்கு உத்தரவு கொடுத்தபோது, தீவிர சிகிச்சை அறையில் படுத்திருக்கும் நோயாளியை அமைதியாகத் தூங்க வைப்பதற்கென்று, இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவதற்கென்று, இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேற்படாமல் என்று வரம்பு கட்டியே கொடுத்தார்கள்.

இந்த மருந்துகள் தரும் தூக்கம் ஒரு தனி வகை. கூப்பிட்டால் நோயாளி கண் விழிக்கிறான். விட்டால் மறுபடி தூங்குகிறான். மார்பின் போல மூச்சை அதிகமாக அடக்குவதும் இல்லை. மூளையில் விழிப்பைக் காக்கும் ஒரு சிறு நரம்புக் கூட்டத்தை இவை தணித்துவிடுவதே அத்தூக்கத்துக்குக் காரணம். அதே மருந்து தண்டுவடத்தை அடையும்போது, நோவைப் பற்றிய செய்தியை மேலே அனுப்பும் நரம்பு முனைகளின் வாயை அடைத்துவிடுகிறது. 2006-ல் பேரூட் நகரத்துச் சர்வகலாசாலை வைத்தியர்கள் அறுபது நோயாளிகளிடம் இதைப் பரீட்சித்து வெளியிட்டார்கள். 12 மில்லிகிராம் புபிவக்கெயினோடு 3 மைக்ரோகிராம் டெக்ஸ்மெடெடோமிடின் சேர்த்தவர்களுக்கு மரப்பும் கால் அசையாமையும் நன்றாக நீண்டு நின்றன. 30 மைக்ரோகிராம் க்ளோனிடின் சேர்த்தவர்களுக்கும் அவ்வாறே. அதற்குப் பின் உலகெங்கும், விசேஷமாக நமது நாட்டில், இவ்வகைப் பரீட்சைகள் பெருகின. கையெலும்பு முறிவுக்குத் தோளருகே நரம்புக் கூட்டத்தில் போடும் ஊசியிலும் இம்மருந்து சேர்க்கப்படுகிறது. அங்கும் பலன் சில மணி நேரம் நீள்கிறது. இரண்டாவது மருந்து வேலை செய்கிறது என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும், வேலை செய்கிறது என்பதும் தீங்கற்றது என்று நிரூபிக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. இம்மருந்துகள் நாடித் துடிப்பைக் குறைக்கின்றன. இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துகின்றன. முதுகுத் தண்டு ஊசியே அழுத்தத்தைத் தாழ்த்தக் கூடியதாயிருக்க, அதன்மேல் இதுவும் சேர்கிறது. தியேட்டருக்குள் இருக்கும் வரையில் மயக்க மருந்து டாக்டர் நாடியைப் பார்த்துக் கொண்டிருப்பார். துடிப்புக் குறைந்தால் அட்ரோபின் கொடுத்துச் சரிசெய்வார். நோயாளியை வார்டுக்குத் தள்ளிக் கொண்டு போன பிறகு யார் பார்ப்பார்? அங்கே ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்கள் என்பதை நேயர்கள் தாமே எண்ணிப் பார்த்திருப்பார்கள். பலனை நீட்டும் மருந்தைக் கொடுத்தால் காவலையும் நீட்ட வேண்டுமென்பது சாதாரண நியாயமன்றோ? 1996-ல் அமெரிக்காவில் க்ளோனிடினை முதுகெலும்புக்குள் தண்டுவட உறைக்கு வெளியே செலுத்த உத்தரவு கொடுத்தவர்கள், கடும் புற்றுநோய் வலிக்கு மட்டும் அதைக் கொடுத்து, பிரசவ சமயத்திலும் ரண சிகிச்சையை ஒட்டியும் அது தகாதென்று கட்டம் கட்டி அச்சிட்டு எச்சரித்தார்கள். நமது ஆஸ்பத்திரிகளில் இம்மருந்தினம் அதிகமாகப் பரீட்சிக்கப்படுவதோ, சரியாக அந்த இரண்டு சந்தர்ப்பங்களில்தான்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெக்ஸ்மெடெடோமிடின் கண்ணாடிக் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருக்கிறது. தண்டில் சேர்க்க வேண்டியதோ பொதுவாக 5 மைக்ரோகிராம். அதாவது ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு. இதை எவ்வாறு அளப்பது? சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்ஸுலின் போடும் சிறு சிரிஞ்சை எடுத்து, அதில் இரண்டு கோடு அளவு உறிஞ்சி, மற்ற மருந்தோடு கலக்கிறார்கள். கோடு ஒன்று தவறினால் அளவு ஒன்றரைப் பங்காகிறது. நீர் கலப்பதில் தவறினால் பத்து மடங்காகவும் கூடும். குப்பிகளை மாற்றி எடுத்துவிடும் அபாயமும் உண்டு. இரத்தப் போக்கை நிறுத்தும் ட்ரானெக்ஸாமிக் ஆஸிடின் குப்பியை மரப்பு மருந்தென்று எண்ணி முதுகுத் தண்டில் செலுத்தி, வலிப்பும் மரணமும் உண்டான விபத்துகளைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மார்ச்சில் எல்லா தேசங்களுக்கும் எச்சரிக்கை அனுப்ப நேர்ந்தது. அவசரமான தியேட்டரில் ஒரு குப்பியை உடைக்கும் இடத்தில் இரண்டு மூன்று குப்பிகளை உடைத்தால், பிழைக்கு அத்தனை வாசல்கள் திறக்கின்றன.

குப்பிக்குள் மருந்து மட்டும் இருப்பதில்லை. கெட்டுப் போகாமலிருக்கச் சேர்க்கும் காப்புப் பொருள்களும் பல மருந்துகளில் உண்டு. கெட்டமின், மிடாஸோலாம் ஆகிய தூக்க மருந்துகளையும் தண்டில் சேர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவற்றின் சாதாரணக் குப்பிகளில் இரத்தத்தில் கலந்தால் பாதகமில்லாத, ஆனால் நரம்பின்மேல் நேரே படத் தகாத காப்புப் பொருள்கள் இருக்கக் கூடும். 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் க்ளோரோப்ரோகெயின் என்ற மரப்பு மருந்து தவறுதலாகத் தண்டுவட நீரில் கலந்து சிலருக்கு நரம்புச் சேதம் உண்டானபோது, அதிலிருந்த சோடியம் பைஸல்பைட்டின்மேலும் அதன் புளிப்புத் தன்மையின்மேலும் சந்தேகம் விழுந்து, பின்னர் அப்பொருள் நீக்கப்பட்ட குப்பிகள் வந்தன.

வக்கீல்களுக்கு இங்கே ஒரு பழைய இங்கிலீஷ் வழக்கு நினைவுக்கு வரும். 1947 அக்டோபர் 13-ந் தேதி, இங்கிலாந்தில் செஸ்டர்பீல்டு நகரத்து ஆஸ்பத்திரியில், சிறு ரண சிகிச்சைக்கு வந்த இரண்டு தொழிலாளிகள் முதுகுத் தண்டு ஊசிக்குப் பின் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலற்றுப் போனார்கள். கண்ணாடிக் குப்பிகளைக் கிருமி போக்குவதற்காகப் பீனால் திரவத்தில் ஊற வைத்திருந்தார்கள் என்றும், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகப் பீனால் உள்ளே புகுந்தது என்றும் கோர்ட்டார் ஏற்றுக் கொண்டார்கள். (கருவிகளை வேக வைக்கும் கொப்பரையைத் துலக்கிய அமிலமே உண்மைக் காரணம் என்று பல வருஷங்களுக்குப் பின் சிலர் வாதித்ததுண்டு.) 1954-ல் மேல் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னபோது, 1947-ல் அத்தகைய கீறல்களைப் பற்றிச் சாதாரண வைத்தியருக்குத் தெரியாது, பின்னால் வந்த அறிவைக் கொண்டு முன்னால் நடந்ததைக் குற்றமென்று சொல்வது நியாயமன்று என்று கூறி, அவ்விருவருக்கும் நஷ்டஈடு இல்லையென்றார்கள். ரோ வழக்கு என்று சட்டப் புஸ்தகங்களில் பெயர் பெற்ற இத்தீர்ப்பு வைத்தியர்களுக்கு ஒரு கேடயமாக இருந்து வருகிறது. ஆனால் இக்கேடயத்தின் பலமெல்லாம் 'அன்று தெரியாது' என்ற ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. இன்று காப்புப் பொருளைப் பற்றித் தெரியும். நாடி குறைவதைப் பற்றித் தெரியும். குப்பிகள் மாறுவதைப் பற்றி உலகத்துக்கே எச்சரிக்கை வந்துவிட்டது. நாளை ஒரு கூலிக்காரன் நமது ஊரில் கால் இழந்து கோர்ட்டுக்கு வந்தால், ரோ வழக்கைக் காட்டி யார் தப்ப முடியும்?

இனி நமது சட்டத்தைப் பார்ப்போம். 2019-ஆம் வருஷத்துப் புதிய மருந்துகள், மருத்துவப் பரீட்சைகள் விதிகள், ஒரு காரியத்துக்கென்று உத்தரவு பெற்ற மருந்தைப் புதிய வழியாகச் செலுத்தும்படி விற்க முற்பட்டால் அதைப் புதிய மருந்தாகவே பாவிக்கின்றன. கம்பெனிக்காரன் அவ்வாறு செய்ய வேண்டுமானால் டில்லி அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆனால் கல்விக்காக மட்டும் செய்யும் பரீட்சைக்கு, ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் கமிட்டி சம்மதித்தால், அவ்வனுமதி வேண்டியதில்லை என்று அதே விதிகள் ஒரு கதவைத் திறந்து வைத்தன. ஆராய்ச்சிக்கு அநாவசியத் தடை கூடாதென்பது இதன் நோக்கம். நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. விளைவு என்ன? நமது வைத்தியக் கலாசாலைகளில் மேற்பட்டம் பெற விரும்பும் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியாக வேண்டும். மயக்க மருந்து சாஸ்திரத்தில் இதற்கு மிக எளிதான பொருள், புபிவக்கெயினோடு இதைச் சேர்த்தால் எவ்வளவு நேரம், அதைச் சேர்த்தால் எவ்வளவு நேரம் என்பதுதான். முப்பது பேர் ஒரு பக்கம், முப்பது பேர் மறு பக்கம். கடிகாரத்தைப் பார்த்து எழுதினால் கட்டுரையாயிற்று. ஒரே கேள்விக்கு ஒரே பதிலை ஊர் ஊராகக் கண்டுபிடித்துக் கொண்டிருக்கிறோம். ஆயிரத்தில் ஒருவருக்கு, பதினாயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய நரம்புச் சேதத்தை அறுபது பேர் கொண்ட பரீட்சை ஒருநாளும் காட்டாது. அவ்வாறிருக்க, மறுபடி மறுபடி ஏழைகளின் முதுகில் ஊசி போட்டு நாம் கற்றுக் கொண்ட புதிய பாடம் என்ன?

சிறு கட்டுரைகளை நம்பிப் பெரிய முடிவு செய்யலாகாது என்பதற்கு இச்சாஸ்திரத்திலேயே ஒரு கசப்பான உதாரணம் உண்டு. ரண சிகிச்சைக்குப் பின் வரும் நோவைப் பற்றி எழுதிப் பெரும் புகழ் பெற்றிருந்த அமெரிக்க டாக்டர் ஸ்காட் ரூபன் என்பவருடைய 21 கட்டுரைகளில் கண்ட எண்கள் கற்பனை என்று 2009-ல் வெளிப்பட்டது. மறு வருஷம் அவர் சிறை சென்றார். நமது மாணவர்கள் அத்தகையவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அநேகர் இரவு பகலாக உழைக்கும் யோக்கியர்கள். பட்டம் பெறுவதற்காக எழுதப்படும் கட்டுரையும், தேசத்தின் வழக்கத்தை நிர்ணயிக்கத் தக்க பரீட்சையும் வேறு என்பது மட்டுமே நமது வாதம்.

சம்மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வக்கீல் தொழிலில் இருந்த நாட்களில் ஆஸ்பத்திரிச் சம்மதப் பத்திரங்கள் அநேகம் பார்த்ததுண்டு. இங்கிலீஷில் அச்சடித்த தாள். கீழே ஒரு கட்டை விரல் ரேகை. தேதி கூடச் சில சமயம் வேறு கையெழுத்து. 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டார் ஒரு வழக்கில், பரிசோதனைக்கென்று மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு அவள் சம்மதமின்றி ரண சிகிச்சையும் செய்தது குற்றமென்று தீர்த்தபோது, செய்யப் போவது என்ன, அதற்கு மாற்று என்ன, அபாயம் என்ன என்பவற்றை நோயாளி விளங்கிக் கொள்ளும் அளவு சொல்ல வேண்டுமென்று விதித்தார்கள். 'முதுகில் ஊசி போடுகிறோம்' என்று சொன்னால், குப்பியின்மேல் இரத்தக் குழாய்க்கென்று அச்சிட்ட இரண்டாவது மருந்தையும் சேர்க்கச் சம்மதம் வாங்கியதாகுமா? ஆகாது என்பதே நமது அபிப்பிராயம்.

உத்தரவில் அச்சிடாத காரியத்துக்கு மருந்தை உபயோகிப்பது உலகெங்கும் உள்ளதுதானே, குழந்தை வைத்தியத்தில் பாதி அப்படித்தானே நடக்கிறது என்று டாக்டர்கள் கேட்பார்கள். உண்மை. அனுபவமுள்ள டாக்டர் தம் நோயாளியின் நன்மையை எண்ணி அவ்வாறு செய்வதைச் சட்டம் தடுக்கவுமில்லை, தடுக்கவும் கூடாது. நாம் கேட்பது தடையன்று. தக்க குப்பியும், தக்க காவலும், ஒளிவில்லாத சம்மதமும்தான்.

இவ்விஷயத்தின் அடியில் இன்னொரு விஷயம் கிடக்கிறது. நமது வைத்தியர்கள் இத்தூக்க மருந்துகளின் பக்கம் இவ்வளவு திரும்பியதற்கு, அவற்றின் குணம் மட்டும் காரணமன்று. ஸிஸேரியனுக்குப் பின் வரும் நோவுக்கு உலகம் நெடுங்காலமாக அறிந்த துணை மருந்து, காப்புப் பொருளில்லாத மார்பின். ஏறக்குறைய 100 மைக்ரோகிராம் தண்டில் சேர்த்தால் ஒரு நாள் முழுதும் நோவு தணிந்திருக்கிறது. பல மணி நேரம் கழித்து மூச்சுத் தளரக் கூடுமாகையால் அதற்கும் காவல் வேண்டும். அந்த மார்பின் பிறக்கும் அபினிச் செடி மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் லைசென்ஸில் பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பிற தேசத்து மருந்துக் கம்பெனிகளுக்கு நாம் அபினி ஏற்றுமதி செய்து வந்திருக்கிறோம். ஆனால் 1985-ல் போதைப் பொருள் சட்டம் பிறந்த பின், ஒரு குப்பி மார்பினுக்குப் பல இலாகாக்களின் லைசென்ஸுகள் வேண்டியிருந்தமையால், ஆஸ்பத்திரிகள் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. 1997-ல் இந்த மகா தேசம் வைத்தியத்துக்கு உபயோகித்த மார்பின் வெறும் 18 கிலோ. 2014-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தி, மார்பின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசியமென்று வகுத்து, ஒரே அதிகாரியின் அனுமதி போதுமென்று செய்தது. சட்டம் திருந்திய வேகத்தில் பழக்கம் திருந்தவில்லை. மார்பின் பெட்டியின் சாவியையும் கணக்குப் புஸ்தகத்தையும் கண்டு அஞ்சும் ஆஸ்பத்திரி, சாவி வேண்டாத மருந்தைத் தேடுவது இயல்பு. நமது வயலில் விளைந்த நோவு மருந்து அயல் நாட்டாருக்குக் கிடைக்க, நமது தாய்மாரின் முதுகில் பின்லாந்து நாய் மருந்தின் வாரிசைப் பரீட்சிக்கிறோம் என்று ஒருவர் குத்தலாகச் சொன்னால் அவர்மேல் கோபித்துப் பயனில்லை.

செய்யக் கூடியவை நமது கைக்கெட்டிய காரியங்களே. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கௌன்ஸில் முன்வந்து, பல கலாசாலைகளை ஒன்று சேர்த்து, ஒரே திட்டத்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கொண்ட பரீட்சையொன்றை நடத்தி, ஊசி போட்டவர்களை மாதக் கணக்கில் தொடர்ந்து விசாரித்து, இதன் நன்மை தீமைகளைத் தீர்த்துச் சொல்ல வேண்டும். மாணவர்கள் தனித்தனியே முப்பது முப்பது பேராக அலைவதற்குப் பதிலாக, அப்பெரிய பரீட்சையில் தத்தம் பங்கைச் செய்து பட்டம் பெறலாம். நெறிமுறைக் கமிட்டிகளும், பலமுறை விடை கண்ட கேள்வியை மறுபடி கேட்கும் மாணவருக்கு இல்லையென்று சொல்லக் கற்றுக் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு விசேஷ வசதி உண்டு. 1995 முதல் நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மருந்துகளை மொத்தமாக வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகம், மற்ற மாகாணங்கள் பார்த்துப் பின்பற்றிய ஸ்தாபனம். காப்புப் பொருளில்லாத மார்பினைச் சிறு அளவுக் குப்பிகளில் எல்லாப் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கும் அது வாங்கித் தரட்டும். தண்டுக்கென்று தக்க அளவில் அடைத்து, தக்க உத்தரவும் பெற்ற துணை மருந்தைக் கொண்டு வருகிறவர்களிடமே வாங்குவோம் என்று இவ்வளவு பெரிய வியாபாரி ஒரு வரி எழுதினால், கம்பெனிகள் டில்லிக்கு மனுப் போட ஓடும்; இன்ஸுலின் சிரிஞ்சில் கோடு எண்ணும் வேலையும் ஒழியும். அது வரையில், இரண்டாவது மருந்து சேர்க்கப்பட்ட நோயாளியின் கட்டிலில் அதைத் தெரிவிக்கும் சீட்டொன்றைத் தொங்கவிட்டு, இரவு முழுதும் அவர் நாடியையும் மூச்சையும் இன்ன நேரத்துக்கொரு முறை பார்த்துக் குறிக்க வேண்டுமென்று சுகாதார இலாகாவார் இந்த மாதமே ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். சம்மதப் பத்திரத்தில் தமிழில் அதற்கென்று ஒரு வரி சேர்க்கவும் அதே அறிக்கை போதும்.